வட்டார ஒத்துழைப்பும் ஒரு தாய்மாமன் மடியும்

சர்வதேச அமைதியைக் காப்பதில் வட்டார ஒத்துழைப்பின் பங்கு என்ற தலைப்பில் கட்டுரை வாசிக்கச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தபோது, என் அப்பாவும் என் தங்கையின் மாமனாரும் பேச்சுவார்த்தையை நிறுத்தி இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் இடையே நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். நடுவில் ஒரு தென்னந்தோப்பு, ஒரு கடலைக்காடு, ஒரு டீக்கடை, அப்புறம் ஒரு மாநில எல்லை. அந்த எல்லையால் எங்களுக்கு ஒருநாளும் தொந்தரவு இருந்ததில்லை. தார்ச்சாலையின் நிறத்தை மாற்றுவதோடு அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். மிச்ச வேலையை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

நான் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவன். போர், சமாதானம், ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, இவைதான் என் பிழைப்பு. எருத்தேன்பதிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பாலக்காடு போய், மலையாளத்திலும் இங்கிலீஷிலும் உலக நாடுகளைச் சமாதானப்படுத்திவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பித் தமிழில் திட்டு வாங்குவேன். அப்பா சும்மா இருக்கமாட்டார். "ஏன் தம்பி, இன்னைக்கு எந்தெந்த நாட்டைச் சேத்தி வெச்சுட்டு வந்தே?" என்று கேட்டுக்கொண்டேதான் எருமைக்குத் தண்ணி காட்டுவார்.

சண்டை எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. எங்கள் ஊர் கேரளத்தில் இருக்கிறது. சம்பந்தி ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே மாரியம்மன். கோவில் எங்கள் பக்கம். ஆனால் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, கம்பம் அவர்கள் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை அவர்கள் வெட்டித் தோளில் சுமந்து, தப்பட்டை முழங்கக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் அதைக் கோவிலுக்கு முன்னால் நடுவோம், இரண்டு ஊர்ப் பெண்களும் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பம் வராவிட்டால் நோம்பி இல்லை. கோவில் இல்லாவிட்டால் கம்பத்துக்கு வேலை இல்லை. ஒருத்தரை விட்டால் இன்னொருத்தருக்குக் கதியில்லாதபடி யாரோ நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. இதைத்தான் வகுப்பில் நான் பரஸ்பரச் சார்பு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பரஸ்பரம் சார்ந்திருக்கிறவர்கள் அடித்துக்கொள்ளமாட்டார்கள் என்றும் சொல்லிக்கொடுப்பேன். பையன்களும் எழுதிக்கொள்வார்கள், பாவம்.

அந்த வருடம் நோம்பிக் கமிட்டிக்கு அப்பா தலைவர். இப்போதெல்லாம் அம்மன் இல்லாமல்கூட நோம்பி நடத்திவிடலாம், பிளக்ஸ் இல்லாமல் முடியாது. மேலே அம்மன், அதற்குக் கீழே வட்டம் வட்டமாக ஊர்ப் பெரியவர்கள் முகம். அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. சம்பந்தி படத்தைத் தன் படத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவில் பெரிதாகப் போட்டு, அவருக்கே தெரியாமல் அசத்திவிட வேண்டும். முன்கூட்டியே படம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும் அல்லவா? அந்தச் சமயத்தில் சம்பந்தியின் அண்ணன் இறந்துபோயிருந்தார். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் டீக்கடைக்கு எதிரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கீழ்வரிசையில், துக்கத்தில் வாடும் குடும்பத்தாரில் ஒருவராகச் சம்பந்தியும் இருந்தார். தெளிவான படம். அப்பா தன் போனில் அதைப் பிடித்து, கொழிஞ்சாம்பாறையில் பிளக்ஸ் அடிக்கிறவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார்.

பிளக்ஸ்காரர் மலையாளி. அவர் படத்தைக் கச்சிதமாக வெட்டியெடுத்தார். ஆனால் படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த குத்துவிளக்கை மட்டும் எடுக்கவில்லை. மலையாளிகள் சுபகாரியம் எதுவானாலும் விளக்குக் கொளுத்தித்தான் தொடங்குவார்கள். பாலம் திறந்தாலும் விளக்கு, பல் டாக்டர் கிளினிக் திறந்தாலும் விளக்கு. விசேஷத்துக்கு விளக்கு இருந்தால் ஐசுவரியம்தானே என்று நினைத்து, மனுஷன் சுடரைக் கொஞ்சம் பிரகாசமாக்கி வேறு விட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு, அது எந்த மாநிலத்து ஆளாக இருந்தாலும், ஒருத்தர் படத்துக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கம்பம் வந்த காலையில் நான் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தப்பட்டை, ஆட்டம், மஞ்சள் தண்ணீர், எல்லாம் அமர்க்களமாக வந்துகொண்டிருந்தன. கம்பத்துக்கு முன்பக்கம் தோள் கொடுத்து வந்தவர் சம்பந்தி. பிளக்ஸுக்கு அடியில் வந்ததும் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். நடை நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டிக்கொண்டார்கள்.

"ஏனுங்க, நான் எப்பச் செத்தனுங்க?" என்றார்.

அப்பா மாலையோடு ஓடிவந்தார். மாலையோடு வந்தது இன்னும் கெடுதலாகப் போய்விட்டது. சம்பந்தியின் மகன், அதாவது என் தங்கை வீட்டுக்காரர், பிளக்ஸை ஒரே இழுப்பாக இழுத்தார். அது மேலிருந்து கீழாக, அம்மன் முகத்தின் நடுவிலேயே கிழிந்தது. இப்போது இரண்டு பக்கத்துக்கும் சரிசமமான குற்றச்சாட்டு கிடைத்துவிட்டது. உயிரோடு இருக்கிறவருக்கு விளக்கு வைத்தார்கள் என்பது அவர்கள் கட்சி. அம்மனைக் கிழித்தார்கள் என்பது எங்கள் கட்சி. வாசல் வரை வந்த கம்பம் திரும்பிப் போனது. நோம்பிக்கு வந்து எங்கள் வீட்டில் மாவிளக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த தங்கையையும் குழந்தையையும், உலக்கையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதில் ஊருக்கு நஷ்டம் நோம்பி. எனக்கும் தங்கைக்கும் நஷ்டம் வேறு. அடுத்த மாதம் அவள் மகளுக்குக் காது குத்துவதாக நாள் குறித்திருந்தோம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். தாய்மாமன் என்றால் நான். என்னை அவர்கள் வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைக்கவேண்டும். சம்பந்தி அழைக்கமாட்டேன் என்றார். அழைக்காமல் என்னை அனுப்பமாட்டேன் என்று அப்பா சொன்னார். சரி, நானில்லாமலே நடத்திக்கொள்வார்களா என்றால் அதுவும் இல்லை. முறை முறைதான். அவர்களுக்கு என் மேல் கோபம், என் மடி மேல் கோபமில்லை. அதனால் குழந்தையின் காது அப்படியே நின்றது.

காது மூளியாகவே அவள் எல்.கே.ஜி. சேர்ந்தாள். பள்ளிக்கூடத்து விழாவில் மற்ற பெண்பிள்ளைகள் எல்லாம் ஜிமிக்கியோடு ஆட, இவளுக்கு மட்டும் பசை வைத்து ஒட்டுகிற தோடு. ஆட்டத்தில் ஒன்று விழுந்துவிட்டதாம், அதைத் தேடிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கமாட்டேன் என்று நின்றாளாம். தங்கை இதைப் போனில் சொன்னபோது அழுதாள். மாட்டுக்கொட்டகைக்குள்ளிருந்துதான் எனக்குப் போன் செய்வாள், பின்னால் கன்றுக்குட்டி கத்துவது கேட்கும். "நீங்க எல்லாம் ரோசத்தைக் கட்டீட்டு நல்லா இருங்க. எம் புள்ளை காதைப் பாத்து ஊரே கேக்குதுங்கண்ணா," என்றாள். படித்த படிப்புக்கு இதைக்கூடச் செய்யமுடியாதா என்று அன்றைக்குத்தான் களத்தில் இறங்கினேன்.

முதலில் நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை. புத்தகத்தில் அதுதான் முதல் அத்தியாயம். எங்கள் தோப்பில் பழுத்த பலாவைச் சுளையெடுத்து, ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி நிறையப் போட்டுச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுப் பாத்திரத்தை இன்னொரு வீட்டார் வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது, நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். தூக்குப்போசி மறுநாள் வந்தது. நன்றாகப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று, காலியாக. அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பரண்மேல் கவிழ்த்தாள். பலாச்சுளையை மட்டும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன். அது எடுபடவில்லை.

அடுத்து, கூட்டுக் குழு. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், எல்லை டீக்கடையில் சந்திப்பு. நடுநிலையான இடம் வேண்டும் என்பது என் பிடிவாதம். டீக்கடையில் இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி. விசிறிக்கு அடியில் இருக்கிற பெஞ்சில் யார் உட்காருவது என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு எல்லாரும் நின்றுகொண்டே பேசுவதாக ஏற்பாடு. நின்று பேசினால் எங்கள் ஆட்களுக்குக் குரல் தானாக ஏறிவிடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் என்று பார்த்தால், அடுத்த கூட்டத்தை வேறொரு நாளில் வைத்துக்கொள்வது என்பதுதான். உலகத்துப் பெரிய பெரிய கூட்டமைப்புகளின் அறிக்கைகளை வருடக்கணக்காகப் படித்தவன் என்பதால் எனக்கு இதில் பெரிய ஏமாற்றம் இல்லை.

டீக்கடையில் ஒருநாள் சம்பந்தியே என்னைத் தனியாகப் பிடித்தார். எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடைக்கு வந்து போகிற வழி. கள் குடிக்கப் போகிறவரை மட்டும் எங்கள் சண்டை எல்லையில் தடுக்காது.

"தம்பி, உங்க மேல எனக்கு வருத்தமே இல்லீங்க," என்றார். "நீங்க படிச்சவரு. ஆனா உசுரோட இருக்கறவன் காதோரத்துல வெளக்குப் பத்த வெச்சாங்க பாருங்க. ராத்திரி கண்ணை மூடுனா அந்த வெளக்குத்தானுங்க தெரியுது."

"அது பிளக்ஸ்காரர் தப்புங்க மாமா. அப்பா உங்களைப் பெருமைப்படுத்தோணும்னுதான் பண்ணினாரு."

"பெருமையா? என்ற சம்சாரம் அன்னைக்குப் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாளுங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடலாமே என்றேன். "தெரிவிக்கறேன். மொதல்ல கிழிச்சவன் அம்மன்கிட்டத் தெரிவிக்கட்டும்," என்றார். எந்த நாடு முதலில் படையைப் பின்வாங்குவது என்ற பழைய கேள்விதான். எல்லா நாடுகளும் இதே டீக்கடையில்தான் நின்றுகொண்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக மூன்றாம் தரப்பு. எங்கள் வார்டு மெம்பரைக் கூட்டிப் போனேன். நல்ல மனுஷன், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். "எந்தா உங்களுக்குள்ள பிரஸ்னம்? எல்லாரும் ஒரே குடும்பமல்லே?" என்றுதான் ஆரம்பித்தார். உடனே இரண்டு பக்கமும் எழுந்து, இது எங்கள் சொந்த விவகாரம், வெளியாள் தலையிடவேண்டாம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடத்தில் இரண்டு பக்கமும் மனசார ஒத்துப்போன ஒரே தருணம் அதுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். நான் கட்டுரைக்கு அடிக்குறிப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.

கருத்தரங்கு பாலக்காட்டில், ஏ.சி. போட்ட அரங்கத்தில் நடந்தது. கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். ஒரு குத்துவிளக்கைக் கொளுத்தித் தொடங்கிவைத்தார்கள். அதைப் பார்த்தபோது என்னையறியாமல் சம்பந்தி நினைவு வந்தது. என் கட்டுரையின் சாரம் இதுதான்: தூரத்தில் உட்கார்ந்திருக்கிற உலக அமைப்பைவிட, பக்கத்து நாடுகள் தமக்குள் கூடி அமைத்துக்கொண்ட வட்டாரக் கூட்டமைப்பே சண்டையைச் சீக்கிரம் தணிக்கும். ஏனென்றால் பக்கத்திலிருப்பவர்களுக்குத்தான் மொழி தெரியும், பழக்கவழக்கம் தெரியும், உள்விவகாரம் தெரியும், கொண்டு கொடுத்த உறவும் இருக்கும். வாசிக்க வாசிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கே அடித்தால் வலிக்கும் என்பதும் பக்கத்திலிருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்று எழுத எனக்குத் தைரியம் போதவில்லை.

வாசித்து முடித்ததும் தலைமை வகித்த ஓய்வுபெற்ற பேராசிரியர், மிக ஆழமான கட்டுரை என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, இப்படி வெற்றிபெற்றதற்கு உங்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்லமுடியுமா என்று கேட்டாள். சட்டைப்பையில் போன் நடுங்க ஆரம்பித்தது. தங்கை. நான் எடுக்கவில்லை. மறுபடி நடுங்கியது. எடுத்துக் குனிந்துகொண்டேன்.

"அண்ணா, எங்கிருக்கறீங்க? நான் பாலக்காடு டவுனுக்கு வந்துட்டனுங்க. புள்ளையைப் பல்லு டாக்டர்கிட்டக் காட்டறேன்னு சொல்லீட்டு வந்தேன். நகைக்கடையில நிக்கறேன். இங்கயே துப்பாக்கியில காது குத்தறாங்களாம்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்துக்குவாரு. நீங்க வாங்கண்ணா. உங்க மடி வேணும்."

குடும்பத்தில் ஓர் அவசரச் சிகிச்சை என்று தலைவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். பொய்யென்றும் சொல்லமுடியாது. உதாரணம் கேட்ட பெண் நின்றபடியே இருந்தாள். அவளுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

நகைக்கடையின் மேல்மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஒரு சுழல் நாற்காலி, ஒரு விளக்கு, கையுறை போட்ட பெண் ஒருத்தி. தங்கை ஒரு கட்டைப்பையோடு நின்றிருந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், ஒரு முழம் மல்லிகைப்பூ, புதுப் பாவாடை சட்டை எல்லாம் வெளியே வந்தன. தாய்மாமன் கொண்டுவரவேண்டிய சீரை அவளே வாங்கி வந்திருந்தாள். எல்லாம் நான் வாங்கினதாக வைத்துக்கொள்ளவேண்டுமாம். அடியிலிருந்து ஒரு பட்டுத்துண்டை எடுத்து என் தலையில் உருமால் கட்டினாள். கழுத்தில் கருத்தரங்கு அட்டை, தலையில் உருமால். கண்ணாடியில் பார்த்தபோது, நான் ஏதோ ஒரு சின்ன நாட்டின் தூதுவனைப் போலத்தான் இருந்தேன்.

கையுறைக்காரப் பெண் நாற்காலியைக் காட்டி, "குட்டி தனியே இருந்நா மதி, மடியில் வேண்டா," என்றாள். தனியாக உட்கார்ந்தால் போதுமாம், மடி வேண்டாமாம்.

"அதெல்லாம் நடக்காதுங்க. மாமன் மடியிலதான்," என்றாள் தங்கை. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, குரல் புரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி சுழன்றது. காலை ஊன்றிக்கொண்டு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து அவளை அன்றைக்குத்தான் தொட்டேன். தூரத்தில் பள்ளிக்கூட வேனில் போகும்போது பார்த்து ஒளிந்துகொண்டதோடு சரி. கனத்திருந்தாள். தலையில் தேங்காயெண்ணெய் வாசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

டக் என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் இன்னொரு டக். எங்கள் இரண்டு ஊரும் குழு போட்டும் மெம்பரைக் கூப்பிட்டும் முடியாத காரியத்தைத் துப்பாக்கி முடித்துவிட்டது. அமைதிப் பாடம் நடத்துகிறவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

"அவ்வளவுதானா மாமா?" என்றாள் குழந்தை. அழவில்லை.

"அவ்வளவுதான் கண்ணு."

"அப்பறம் ஏன் இத்தனை நாளா குத்தலை?"

அன்றைக்கு என்னை மடக்கிய இரண்டாவது கேள்வி. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

விஷயம் நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. நகைக்கடையில் எங்கள் பக்கத்து ஆள் யாரோ இருந்திருக்கவேண்டும். அப்பா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "ஊரு ஒறம்பரைன்னு ஒரு சொந்தமும் இல்லாம, தட்டு இல்லாம, சீரு இல்லாம, கடையில போயி மாட்டுக்கு ஊசி போடற மாதிரிப் போட்டுட்டு வந்திருக்கறே. நானென்ன செத்தா போயிட்டேன்?" என்றார். செத்துப்போவது பற்றிய பேச்சு இந்தக் குடும்பத்தை விடுவதாயில்லை என்று நினைத்தேன். அங்கே தங்கைக்கும் அதே மாதிரிதான் பூசை நடந்திருக்கிறது. தங்கள் குலதெய்வத்துக்கு முன்னால் நடக்கவேண்டியதை, நகைக்கடை மாடியில் நடத்திவிட்டாளே என்று மாமியார் சோறு தின்னாமல் படுத்துவிட்டாராம்.

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. மறுநாள் காலையில் அப்பாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். நின்றுகொண்டேதான் எடுத்தார். அடுத்த அறையிலிருந்து எனக்கு இரண்டு பேர் குரலும் கேட்டது, சம்பந்தி போனில் பேசினால் போன் தேவைப்படாது.

"ஏனுங்க, உங்க பையனும் புள்ளையும் பண்ணுன கூத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. எனக்கு நேத்திருந்து மனசே ஆறலீங்க."

"படிச்சவன்னு மரியாதை வெச்சிருந்தனுங்க உங்க பையன் மேல."

"படிச்சு என்னங்க பண்றது? முறை தெரியோணுமில்லீங்க."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

நெடுநேரம் பேசினார்கள். முதலில் என்னைத் திட்டினார்கள். பிறகு தங்கையைத் திட்டினார்கள். பிறகு இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரையும் திட்டினார்கள். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனபோது பேச்சு தேங்காய் விலைக்கு வந்து, அங்கிருந்து எருமைக்கு வந்து, நிதானமாகப் பிளக்ஸுக்கு வந்து சேர்ந்தது. "அந்த வெளக்கு என்ற தப்புதானுங்க. பாக்காம விட்டுட்டேன்," என்றார் அப்பா. "பையன் அம்மனைக் கிழிச்சதும் தப்புதானுங்க. நானே அன்னைக்கு அவனை ஒரு அறை விட்டனுங்க," என்றார் சம்பந்தி. இரண்டு வருடமாக நான் இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் வாங்க அலைந்தேன். எனக்குக் கொடுக்காததை என்னைத் திட்டுகிற சாக்கில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் டீக்கடையில் கூடினார்கள். விசிறி பெஞ்சை யாருக்கு விடுவது என்று போட்டி போட்டு விட்டுக்கொடுத்தார்களாம். கடையில் குத்தியது செல்லாது, முறைப்படி அவர்கள் குலதெய்வக் கோவிலில் வைத்து மறுபடியும் குத்தவேண்டும், அதற்கடுத்த வாரமே கம்பம் வரவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம். குழந்தையை எந்த மடியில் உட்காரவைப்பது என்று வந்தபோது, என் மடி ஒருதரம் ஆகிவிட்டது, அதுவும் முறையில்லாமல் ஆகிவிட்டது, அதனால் சரிப்படாது என்று யாரோ சொன்னார்கள். அப்பா மறுக்கவில்லை. கோழிப்பண்ணை வைத்திருக்கிற என் பெரியப்பா மகனும் தாய்மாமன் முறைதானே, அவன் உட்காரட்டும் என்று முடிவாயிற்று.

எனக்கு வலித்தது. சமாதானம் வந்ததே என்று சந்தோஷப்படுகிற மனசு எனக்கும் உண்டுதான், இருந்தாலும் வலித்தது. ஒப்பந்தங்களைப் பற்றி வகுப்பெடுக்கும்போது, கையெழுத்துப் போட்டவர்கள் கைகுலுக்குகிற படத்தைக் காட்டுவேன். அந்தப் படத்தில் இல்லாதவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

காதுகுத்து அன்று எங்கள் ஊரே எல்லை தாண்டிப் போயிற்று. கோவில் வாசலில் புது பிளக்ஸ். சம்பந்தி தானே செல்பி எடுத்து அனுப்பியிருந்தார். அப்பா கொழிஞ்சாம்பாறைக்கு நேரில் போய், பக்கத்தில் விளக்கு, மாலை, ஊதுபத்தி எதுவும் இல்லையென்று பார்த்துப் பார்த்து அடித்து வாங்கிவந்தார். இரண்டு பேரும் ஒரே அளவில், தோளோடு தோள் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சொந்தக்காரர் எல்லாரும் வட்டம் வட்டமாக. என்னை மட்டும் காணோம். தங்கை என்னைப் பார்த்து, "வருத்தமாண்ணா?" என்றாள். "சேச்சே," என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கெடுக்க விரும்பவில்லை. எங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து போனாள்.

எனக்குப் பந்தி பரிமாறுகிற வேலை கொடுத்தார்கள். கறிக்குழம்பு வாளியோடு நின்றபடி பார்த்தேன். பெரியப்பா மகன் தலையில் உருமால். மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்துக் காதைப் பிடித்தவர், ஓட்டை ஏற்கெனவே இருப்பதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சம்பந்தி முகத்தைப் பார்த்தார். சம்பந்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். ஆசாரி கம்பியை அந்த ஓட்டைக்குள்ளேயே பக்குவமாக விட்டுத் திருகினார். குத்தியதாக எல்லாரும் எடுத்துக்கொண்டோம். தப்பட்டை முழங்குவதற்கு முன்னால் ஒரு நொடி அமைதி.

"எனக்குத்தான் மாமா மடியிலயே குத்தியாச்சே!" என்றாள் குழந்தை, கோவில் முழுக்கக் கேட்கும்படி.

"சும்மா இரு கண்ணு," என்றார்கள் அப்பாவும் சம்பந்தியும், ஒரே சமயத்தில், ஒரே குரலில்.

தப்பட்டை முழங்கியது. அவள், என் பெரியப்பா மகன் தோளுக்கு மேலே எட்டிக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, தன் காதைத் தொட்டுக் காட்டினாள். நானும் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என் காதைத் தொட்டுக் காட்டினேன். பந்தியில் யாரோ குழம்பு கேட்டார்கள், போய் ஊற்றினேன்.